மூன்றாவது சுண்ணக்கோடு

என் மனைவியின் தம்பியைக் குடும்பத்தில் ‘கதவுதட்டி’ என்றே அழைப்போம். நகர ஆய்வு நிறுவனமொன்றில் வீடுவீடாகச் சென்று படிவம் நிரப்புவது அவருடைய வேலை. ஒவ்வொரு தெருவிலும் பத்தாவது வீடு; பூட்டியிருந்தால் வெவ்வேறு நேரங்களில் மும்முறை செல்ல வேண்டும். செல்லும்போதெல்லாம் கதவுநிலையின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்ள அனுமதி இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பச் சென்று, நகரம் எவ்வாறு மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

முதற்சுற்றின் கடைசி நாளில் அடைமழை. ஒரு வீடு மட்டும் இருமுறை சென்றும் திறக்கவில்லை. மூன்றாம் முறை செல்லாமல், பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபடியே அவர் அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டார். தையற்காரர் ஒருவர், மனைவி, எட்டு வயது மகள். நோய்க்கான கட்டம் வெறுமையாக இருந்தால் நம்பும்படி இராது என்று, மகளுக்கு மூச்சிரைப்பு என எழுதினார். அவர் நிரப்பிய இருநூற்று நாற்பது படிவங்களில் பொய் அது ஒன்றே.

இரண்டாஞ்சுற்றில் அவர் மேற்பார்வையாளர். புதிதாகச் சேர்ந்த பெண் கொண்டுவந்த படிவக் கட்டுக்குள் அந்த வீட்டின் படிவமும் இருந்தது. தையற்காரர் இருந்தார்; மனைவி இருந்தார். மகளுக்குப் பதின்மூன்று வயது. மூச்சிரைப்பு: ‘முன்னைவிட அதிகம்.’

மறுநாள் காலையிலேயே அங்குச் சென்றார். அந்த வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆளே இல்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். மழை படாத நிலையின் பக்கவாட்டில், மங்கிய இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. மூன்றாவது இல்லை, புதிதாக ஒன்றும் இல்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் கதவைத் தட்டினார். வழக்கம்போல் நூறு எண்ணும்வரை காத்து நின்றார். எண்பதைத் தாண்டும்போது உள்ளே ஒரு குழந்தை இருமியதைப் போல் இருந்ததாம்.

அந்தப் பெண்ணை அழைத்து விசாரித்தார். பழைய விடைகள் அவர் பெயரோடு படிவத்திலேயே அச்சாகியிருந்தமையால், வயதைக் கூட்டி, நோயையும் சற்று ஏற்றிப் போட்டதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

“தெருவுல இருந்தே பாத்தேன், பூட்டியிருந்துச்சு சார். நீங்க எழுதினது தப்பா இருக்காதுன்னு நம்பித்தான் எழுதிட்டேன்.”

அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். பொய்ப் படிவம் ஒன்று அகப்பட்டாலும் அதை எழுதியவரின் அனைத்துப் படிவங்களும் தள்ளுபடியாகும், பதவியும் போகும். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவன் கேட்கக்கூடிய கேள்வியன்று.

“இப்ப சொல்லலன்னா, இன்னும் அஞ்சு வருஷத்துல வேற யாராவது அவளுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுடுவாங்க அத்தான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தார். கதவைத் திறந்து உண்மை சொன்ன இருநூற்று முப்பத்தொன்பது குடும்பங்களும் அந்த ஒரு குடும்பத்தோடு ஆய்விலிருந்து நீங்கின. அவரை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் எச்சரிக்கையோடு தப்பினாள்.

சென்ற மாதம் மூன்றாஞ்சுற்று தொடங்கியது. அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரெனக் கையை நிறுத்தினார்.

“அவளுக்கு இப்ப பதினெட்டு, அத்தான்.”

“யாருக்கு மாப்ளே?”

அவர் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு, உதடசையாமல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.