குச்சியில் பூத்த செவ்வந்தி

ஒரு வருடம் ஒஸ்லோ வட்டாரத்துக்கு வசந்தம் வந்ததை முதலில் கண்டவள் நான். மார்ச் தொடக்கம். அயல் தோட்டங்களிலெல்லாம் பனி முழங்காலளவு கிடக்க, எங்கள் தோட்டத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள். இதற்கு இருபத்திரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ரீச்சர். அப்படியிருந்தும் எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம்கூட நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மோர்டென்ஸ்ருட்டில் நாலாம் மாடியில் இருந்த நாங்கள், முந்திய நவம்பரில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தோம். வீடு பார்க்கப் போன நாளில் சரியான மழை. அப்பா கூரையைப் பார்த்தார், அம்மா குசினியைப் பார்த்தார், நான் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கிப் பார்த்தேன். தோட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை. குடிவந்த கிழமையே பனி கொட்டி மூடிவிட்டது. ஆகவே நாங்கள் வாங்கிய தோட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அப்பா மட்டும் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடியில் நின்று, "உதிலை மிளகாய், உங்காலை வெண்டி" என்று பனிக்கு மேலேயே பயிர்செய்துகொண்டிருந்தார்.

புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. நான் வாய் திறப்பதில்லை. பாஷை தெரியாமல் இல்லை. அந்த நாட்டில் பிறந்தவள். பழைய வகுப்பில் ஐந்து தமிழ்ப் பிள்ளைகள் இருந்தோம். அங்கே என்னுடைய வாயை மூடவைப்பதே ரீச்சருக்குப் பாதி வேலை. இங்கே முதல் நாள் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டபோது அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் கதைக்காவிட்டால் மறுநாள் கதைப்பது கஷ்டம். ஒரு மாதம் கதைக்காவிட்டால் அது ஒரு பதவிபோல ஆகிவிடுகிறது. இராஜினாமாச் செய்ய மனம் வருவதில்லை.

டிசம்பரில் ரீச்சர் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "ஏன் பிள்ளை, பள்ளிக்கூடத்திலை கதைக்கிறாயில்லையாம்?"

நான் ஏன் கதைப்பதில்லை என்பதை முக்கால் மணித்தியாலம் விளக்கினேன். அப்பா கொட்டாவி விட்டார். அம்மா எழும்பிப் போய்ச் சாமி விளக்கைக் கொளுத்தினார்.

இனி மார்ச்சுக்கு வருவோம். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் வயிற்றுச் சின்னக் குருவியொன்று வேலியில் இருந்து ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடியது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வேலி மூலையில் இலை உதிர்ந்த ஒரு மொட்டைப் பற்றை. அதைச் சுற்றி மட்டும் பனி வட்டமாக இறங்கியிருந்தது. அந்த வட்டத்துக்குள் மஞ்சளாக ஒன்று. பக்கத்தில் சிவப்பாக ஒன்று. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மஞ்சளாக இன்னும் இரண்டு.

மறுநாள் வகுப்பில் ரீச்சர் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தார். வசந்தத்தின் அடையாளம் எதையாவது கண்டவர்கள் சொல்லவேண்டும். அவர் பெயரோடு எழுதுவார். நோர்வேக்காரருக்கு இது விளையாட்டு இல்லை. ஆறு மாதம் இருட்டில் கிடந்தவர்கள் ஒரு எறும்பைக் கண்டாலும் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்வார்கள். ஒருத்தி குருவி என்றாள். ஒருவன் தெருவில் காய்ந்த மண் என்றான். என் பக்கத்து மேசை சாண்டர், தன் அப்பா சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார் என்றான்.

"பூ ஒருவரும் காணவில்லை, என்ன? பரவாயில்லை, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றார் ரீச்சர்.

ஒரு கை உயர்ந்தது. யாருடையது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னுடையது.

"எங்கள் தோட்டத்தில் பூ இருக்கிறது. மஞ்சளும் சிவப்பும்."

வகுப்பு அப்படியே நின்றது. ரீச்சர் பேனாவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். சாண்டர் மட்டும், "பொய்! எங்கள் வீட்டில் ஸ்னோக்லொக்கரே இன்னும் வரவில்லை" என்றான். ஸ்னோக்லொக்கர் என்பது இங்கே பனிக்குள்ளால் முதலில் தலைநீட்டும் வெள்ளைப் பூ. அது வராமல் வேறு எதுவும் வரக்கூடாது என்பது ஒரு சட்டம்.

ரீச்சர் சாண்டரைப் பார்க்கவே இல்லை. "அப்படியா? அப்படியென்றால் வெள்ளிக்கிழமை எல்லோரும் போய்ப் பார்ப்போம்" என்றார். அவருடைய முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பூ என்றால் இவர்களுக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கடிதம் தந்துவிட்டார். எங்கள் வீட்டில் நோர்வேஜியக் கடிதங்களை அப்பா இல்லாத நேரத்தில் மொழிபெயர்ப்பது என் உத்தியோகம்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"வெள்ளிக்கிழமை குளிருக்கு வடிவா உடுத்திவிடட்டாம்."

"அதுக்கே இவ்வளவு நீளம்?"

"அவையள் உப்பிடித்தான் அம்மா, நீட்டி எழுதுவினம்."

அம்மா கையெழுத்து வைத்தார். ஊருக்கே காட்டியபிறகு அம்மாவுக்குக் காட்டி அசத்துவதுதான் என் திட்டம்.

வியாழக்கிழமை பின்னேரம், விருந்தாளிகள் வரமுன் பூக்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம் என்று பனிக்குள் இறங்கினேன். கிட்டப் போனதும்தான் கவனித்தேன், பூக்களுக்குக் காம்பு இல்லை. இலையும் இல்லை. வெறும் தலைகள். மஞ்சளாக இருந்தது செவ்வந்தி. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, எல்லாம் ஒரே நூலில். கடைசியில் பாதி எரிந்த திரியொன்றும் வந்தது. நோர்வேயில் எந்தப் பூவும் திரியோடு முளைப்பதில்லை என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும்.

சாமிக்கு வைத்த பூவை அம்மா குப்பையில் போடமாட்டார். கால் படாத இடத்தில்தான் போடவேண்டும். மோர்டென்ஸ்ருட்டில் நல்ல நாள் பெருநாளில் மட்டும்தான் பூ. அதைப் பையில் கட்டிக்கொண்டுபோய்க் காட்டோரம் கொட்டிவிட்டு வருவார். இங்கே டிசம்பரிலிருந்து வெள்ளிதோறும் பூ. அப்பா பஸ் ஓட்டி முடிந்து, வியாழன் இரவில் குறொன்லாண்ட் கடையில் வாங்கி வருவார். பழசை அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இந்தப் பற்றையடியில் போட்டிருக்கிறார். அதன்மேல் பனி, அதன்மேல் அடுத்த வெள்ளியின் பூ, அதன்மேல் பனி. முழுக் குளிர்காலமும் பிரிஜ்ஜுக்குள் வைத்தமாதிரி இருந்து, இப்போது மேல்தட்டு உருகி வெளியே வந்திருக்கிறது. வசந்தம் அல்ல, வெள்ளிக்கிழமைகள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை சொல்வதென்றால் வகுப்பில் மறுபடியும் கை உயர்த்தவேண்டும். அதுவும், மூன்று மாதத்தில் நான் சொன்ன ஒரே வசனம் பொய் என்பதைச் சொல்ல. பொய்க்கு அவ்வளவு சிரமமில்லை. அதற்குக் குச்சி போதும்.

குசினி லாச்சியை இழுத்துப் பார்த்தேன்; இறைச்சி குத்திச் சுடுகிற மூங்கில் குச்சிகள் ஒரு கட்டு இருந்தது. நல்ல முகம் உள்ள பூக்களாகப் பன்னிரண்டு பொறுக்கி, ஒவ்வொன்றையும் குச்சியில் ஏற்றி நட்டேன். ரோசாக்கள் ஒரு பக்கம் கறுத்திருந்தன. அவற்றின் நல்ல பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பிவிட்டேன். பற்றையடியில் பச்சையாகக் கூராகச் சில புல்லுகள் முளைத்து நின்று என் பூக்களின் வடிவைக் கெடுத்தன. அவற்றைப் பிய்த்து அப்பால் எறிந்தேன். அந்த வருடத்து ஸ்னோக்லொக்கர் முளைகளைக் களை என்று பிடுங்கிய ஒரே ஆள் இந்த நகராட்சியில் நானாகத்தான் இருக்கவேண்டும். இது தெரியவரப் பத்து வருடம் சென்றது.

வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் மேலங்கி போட்ட இருபத்தொரு பிள்ளைகளும் ரீச்சரும் நானும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். அம்மாவுக்குப் பின்னேர வேலை; வீட்டில் இருந்தார். தலை முழுகித் துவாய் சுற்றி, நெற்றி நிறையத் திருநீற்றோடு கதவைத் திறந்தவர், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடி செய்தனீ? வேண்டாமெண்டு கொண்டுவந்து விட்டிட்டினமோ?"

"இல்லையம்மா, சும்மா பாக்க வந்தவை."

"என்னத்தை?"

பதில் சொல்லமுதல் பிள்ளைகள் தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். அம்மா எட்டிப் பார்த்தார். பற்றையடியில் தான் போட்ட பூக்கள் எழுந்து நிற்பதையும், இருபத்தொரு சோடிச் சப்பாத்துகள் அவற்றை நோக்கி ஓடுவதையும் கண்டார். அப்பாவின் பெரிய சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பற்றைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இக்கே ஃபூத்! இக்கே ஃபூத்!"

கால் வேண்டாம், கால் வேண்டாம். அம்மாவின் நோர்வேஜியன் அவ்வளவுதான், ஆனால் அதற்குமேல் தேவைப்படவில்லை. சாமிப் பூவை மிதிக்கக் கூடாது என்று அம்மா நினைத்துச் சொன்னார். முதல் பூவை மிதிக்கக் கூடாது என்று ரீச்சர் நினைத்துத் தலையாட்டினார். "கேட்டீர்களா? ஒரு அடி பின்னால்!" பிள்ளைகள் கோயிலில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள்.

சாண்டர் மட்டும் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "இதில் குச்சி இருக்கிறது!" என்றான்.

என் காது இரண்டும் எரிந்தன. ரீச்சர் குச்சியையும் செவ்வந்தியையும் பார்த்தார். பனிமேல் கிடந்த பச்சைப் புல்லொன்றைக் குனிந்து எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலங்கிப் பைக்குள் மெல்ல வைத்தார். பிறகு அம்மாவிடம் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "உங்கள் மகள் வகுப்பில் கை உயர்த்தினாள். எல்லோருக்கும் முன்னால். தானாகவே. எங்கள் தோட்டத்தில் பூ இருக்கிறது என்று சொன்னாள்."

அம்மாவின் விரித்த கைகள் இறங்கின. "இவள்? சொன்னவள்?" என்று தமிழிலேயே கேட்டார். ரீச்சருக்குத் தமிழ் விளங்கியதுபோல, ஓம் என்று தலையாட்டினார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று ஒரு பிஸ்கட் காணாமல் போனதற்கே என்னைப் பட்டினி போட்ட மனுஷி அவர். நெற்றியில் திருநீற்றோடு, சாமிப் பூவுக்கு முன்னால் நின்று, சாண்டரிடம் திரும்பி, தன்னிடம் இருந்த நோர்வேஜியன் முழுவதையும் திரட்டிச் சொன்னார்:

"யா. எங்கள் நாட்டுப் பூ. இங்கே குளிர். குச்சி வேண்டும்."

"அது சரிதானே" என்றார் ரீச்சர்.

சாண்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவனுடைய பாட்டிக்கும் குளிர்காலத்தில் ஊன்றுகோல் வேண்டுமாம்.

பிறகு அம்மா உள்ளே போய், பூசைக்கு அவித்த கடலையைச் சட்டியோடு கொண்டுவந்து ஆளுக்கொரு கை போட்டார். பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டார்கள். பொய் சொன்ன இரண்டு வாய்களுக்கும் அன்றைக்குப் போசனம் தாராளமாகவே கிடைத்தது.

திரும்பி நடக்கும்போது சாண்டர் பக்கத்தில் வந்தான். "உன் அம்மாவிடம் அந்தக் கடலை இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது. நாளைக்குக் கொண்டுவாறன்" என்றேன். நாளை சனிக்கிழமை என்பது இருவருக்கும் நினைவில்லை.

சுவர்த் தாளில் ரீச்சர் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'தோட்டத்தில் பூக்கள்' என்று எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முளைத்தன என்றோ மலர்ந்தன என்றோ அவர் எழுதவில்லை. அம்மாவையும் ரீச்சரையும் ஏமாற்றிவிட்டேன் என்ற பெருமையில் எனக்கு அன்றைக்கு நெஞ்சு இரண்டங்குலம் வளர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அது அவ்வளவும் சுருங்கியது. அம்மா இன்னும் வேலைக்குப் போகவில்லை. குசினி மேசையில் பன்னிரண்டு குச்சிகளும் கழுவி அடுக்கிக் கிடந்தன.

"இறைச்சி குத்திற குச்சியையோடி சாமிப் பூவிலை குத்தினனீ?"

அவ்வளவுதான். அடி விழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அடி பின்னுக்கு வருகிறது என்று கணித்து, அறைக்குள் ஓடிக் கட்டிலுக்குக் கீழே புகுந்தேன். அம்மா அப்பாவுக்குப் போன் எடுப்பது சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"இஞ்சேருங்கோப்பா, கதைச்சிட்டாள். ஓம், இவள்தான். கையை உயர்த்தி, அவ்வளவு பிள்ளையளுக்கும் முன்னாலை. ரீச்சரே வந்து சொன்னவ." பிறகு மூக்குறிஞ்சும் ஓசை. "பன்ரண்டு வெள்ளியப்பா. பன்ரண்டு வெள்ளி இதுக்கெண்டே பூ வைச்சனான்."

அம்மா அழுதுகொண்டிருந்தார். இடையில் சிரிப்பதுபோலவும் கேட்டது. அது சளியாக இருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வெள்ளி பக்தியோடு வைத்த பூவையெல்லாம் இந்த வாய் ஒரே நாளில் குச்சியில் ஏற்றி நாசமாக்கிவிட்டதே என்றுதான் அம்மா அழுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பாவம் அம்மா. இனி அவரை இப்படி அழவைக்கக் கூடாது. கட்டிலுக்குக் கீழே, தூசிக்குள் கிடந்தபடியே, சாமிமேல் சத்தியம் செய்தேன்: பள்ளிக்கூடத்தில் இனி வாயே திறப்பதில்லை.