ஜெபத்துக்கு அனுப்பிய இருபத்தொரு பேர்

'நான் நல்லதை நினைத்துத்தான் செய்தேன்' என்று பேச்சை ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனால் அப்படி ஆரம்பிக்கப்போவதில்லை. இது நான் செய்த காரியம். என் கையால் தட்டி, என் கையால் அனுப்பியது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். கல்யாணமாகவில்லை. தங்கியிருந்தது பெண்கள் விடுதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தவளுக்கு வாரத்தில் ஆறு நாள் ஒன்றும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் ஞாபகம் வாட்டும். ஊர்க் கோவிலில் பன்னிரண்டு வயதிலிருந்து பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடியவள் நான். டோ, ரே, மீ என்று சோல்ஃபா எழுத்தில் நாலு குரலுக்கும் தனித்தனி வரி இருக்கும். அதைப் பார்த்துப் பாடிப் பழகியவர்களுக்கு ஒற்றைக் குரல் பாட்டு உப்பில்லாத குழம்புதான். ஓசூர் கோவிலில் காலையில் தெலுங்கு ஆராதனை, அடுத்து கன்னடம், கடைசியில் தமிழ். தமிழ் ஆராதனையில் எல்லோரும் ஒரே குரலில் பாடுவார்கள். ஒருநாள் வாய்விட்டு ஆல்ட்டோ பாடினேன். முன் பெஞ்சுக்காரர் திரும்பி, "சிஸ்டர், சுருதி தப்புது" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஈமெயில் வந்தது. மேனேஜர்கள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எழுதிக் கொடுப்பார்கள், நான் தட்டுவேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மோடம் கீச்சிட்டு லைன் கிடைக்கும். வேலைக் கடிதங்கள் போன பிறகு மீதி நேரம் எனக்கு. வெளிநாட்டில் இருந்த யாரோ தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக ஒரு மெயில் குழு நடத்தினார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவோம். ஒருநாள் அதில் ஒருவர், ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆண்களின் மேல்குரலான டெனர் வரி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அடியில் ஊர் போட்டிருந்தது: ஓசூர்.

உடனே எழுதிக் கேட்டால், எங்கள் கம்பெனிக்கு இரண்டு காம்பவுண்டு சுவர் தள்ளி ஒரு ஃபேக்டரியில் டூல் ரூமில் வேலை பார்க்கிறார். சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார விடுவார்களாம். சைக்கிளில் பத்து நிமிஷத்தில் போகக்கூடிய ஆளை அமெரிக்கா சுற்றி வந்து கண்டுபிடித்தேன். தூத்துக்குடிக்காரர். அவரை அண்ணன் என்றேன், அவர் மனைவியை மைனி என்றேன்.

பிறகு நானே ஓசூர்ப் பாடகர்களுக்கென்று ஒரு மெயில் குழு ஆரம்பித்தேன். ஒன்பது பேர் சேர்ந்தார்கள், எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். ஞாயிறு மூன்று மணிக்கு பாகலூர் ரோட்டில் அண்ணனின் லைன் வீட்டில் கூடுவோம். ஆறேழு பேர் தவறாமல் வருவார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூன்று வாரம் கஞ்சி கொண்டுவந்தது மைனிதான். திரையில் எழுத்தாக வந்தவர்கள் தட்டும் டம்ளருமாக எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துபோகும். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் இருந்ததில்லை.

குறை ஒன்றே ஒன்று. ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாட ஆளில்லை. அப்போது ஒரு மெயில் வந்தது. ராயக்கோட்டையில் இருப்பதாகவும், ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகவும், சின்ன வயதிலிருந்து பேஸ் பாடுவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் தேடிக்கொண்டிருந்த பாட்டின் பேஸ் வரி முழுவதையும் சோல்ஃபாவில் தட்டி அனுப்பியிருந்தார். ஒரு எழுத்து பிசகில்லை. எல்லோரும் அவரைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்.

ஆனால் அவர் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. தலைவலி, ஓவர்டைம், வீட்டுக்கு விருந்தாளி என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று சொல்வார். ஒரு வாரம், வழியில் சானமாவுக் காட்டில் யானை இறங்கி பஸ் நின்றுவிட்டது என்று எழுதினார். அந்தக் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது வாசலில் ஒருவர் தக்காளிப் பையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்ப்பவர், ராயக்கோட்டைக்காரர், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அவர் அண்ணன்மார் மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மைனிக்குத் தக்காளி கொண்டுவந்து, வாசலிலேயே உட்கார்ந்து எங்கள் பாட்டை முழுதும் கேட்டுவிட்டுத்தான் போவார். எது யார் குரல் என்று பிரித்துச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

"என்னாக்கா சொல்றீங்க? நான் அந்த பஸ்ஸுலதான வந்தேன். யானையும் இல்ல, ஒண்ணும் இல்லியே" என்றார்.

நாங்கள் சிரித்தோம். பேஸ்காரருக்குக் கூச்சம், சாக்குச் சொல்கிறார் என்று அண்ணன் சொன்னார். இல்லாத யானையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதை அப்போதே மதித்திருக்க வேண்டும்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பாடி முடித்ததும் ஒவ்வொருவரும் ஜெப விண்ணப்பம் சொல்வார்கள். நான் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வராதவர்களுக்கும் சேர்த்து மெயிலில் அனுப்புவேன். எங்கள் ஆட்கள் பக்கத்து வீட்டில்கூட எதையும் மூச்சு விடமாட்டார்கள். ஜெப விண்ணப்பம் என்றால் மட்டும் பீரோ சாவியையே எடுத்து நீட்டிவிடுவார்கள். யார் வீட்டில் புருஷன் குடிக்கிறான், யார் தங்கச்சிக்கு எத்தனை இடம் தட்டிப்போனது, எல்லாம் வரும். பேஸ்காரர் ஒன்றையும் விடமாட்டார். எந்த ஆஸ்பத்திரி, எந்த சூப்பர்வைசர், என்ன பிரச்சினை என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். இவ்வளவு அக்கறையாக ஜெபிக்கிற ஆள் உண்டா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவர் வாயையும் சேர்த்துக் கடன் வாங்கிக்கொண்டேன்.

அண்ணனின் ஃபேக்டரியில் ஐந்து வருஷமாக வேலை பார்த்தவர்களையும் டிரெயினி என்றே வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்வதென்று ரகசியமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை தர்மபுரிக்குப் போய் லேபர் ஆபீஸில் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் தெரிந்தால் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுவார்கள். மைனிக்கு அப்போது ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பத்தில் அவர்கள் அழுதுகொண்டே இதைச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் முறைத்தார். பிறகு, நம்ம ஆட்கள்தானே என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை நான் அதை எழுதி அனுப்பினேன். நிர்வாகத்துக்குத் தெரியாமல் வெள்ளிக்கிழமை காரியம் முடிய ஜெபியுங்கள் என்று எழுதினேன். அன்று சாயங்காலமே பேஸ்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது. மூன்று நாள் உபவாசம் இருக்கப்போவதாகவும், அத்தனை பேரையும் பேர் சொல்லி ஜெபித்தால் பாரத்தோடு, மனமுருகி ஜெபிக்க முடியும் என்றும் எழுதியிருந்தார்.

பேர் சொல்லி ஜெபிப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். மொத்தமாக ஜெபிப்பது மொத்த வியாபாரம் மாதிரி. பேர் சொன்னால்தான் அந்த ஆளைக் கடவுளுக்கு முன்னால் நிறுத்தியதாகத் தோன்றும். நான் சந்தேகப்படவே இல்லை. வேலை முடிந்ததும் நேரே மைனியிடம் போனேன். அண்ணன் ஓவர்டைமில் இருந்தார். மைனி கையெழுத்துத் தாளின் நகலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினேன். தக்காளிக்காரர் பேர் வந்ததும் மைனி நிறுத்தினார்கள்.

"பிள்ள, இவரு தொழுறவரு. கேக்காம கொள்ளாம நாம ஜெபத்துல பேரச் சொன்னா தப்பா நினைச்சுக்கிட மாட்டாரா?"

"வேண்டாம் மைனி, அவர விட்ருவோம். மரியாதை இல்ல" என்றேன்.

இருபத்தொரு பேரைச் செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினேன். பேஸ்காரரின் பதில் ஒரே வரியில் வந்தது: 'ஸ்தோத்திரம். பேர்கள் கிடைத்தன.' எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள். அந்த வரியில் ஆபீஸ் வாடை அடித்தது. 

புதன் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனவர்களை கேட்டில் நிறுத்தி, செக்யூரிட்டி ஒரு தாளிலிருந்து பேர் வாசித்தார். பேர் வந்தவர்களுக்குப் பயிற்சி முடிந்துவிட்டதாம், உள்ளே வர வேண்டாமாம். முதல் பேர் அண்ணனுடையது. அடுத்த ஷிஃப்டுக்காரர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி அதையே சொன்னார்கள்.

சாயங்காலம் நான் போனபோது அண்ணன் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தொண்ணு" என்றார் ஒருவர். "அவன் ஒருத்தன் மட்டும் கார்டு பஞ்ச் பண்ணி உள்ள போய்ட்டான்."

"அப்ப சொல்லிக் குடுத்தது அவன்தான். வேற யாரு?"

அவர்கள் சொன்னது தக்காளிக்காரரை.  நான் விட்ட அதே ஒரு பேர். மரியாதைக்கு விட்ட பேர். மைனி என்னை அடுக்களைக்குள் இழுத்து, "பிள்ள, நாம எழுதுன அந்தப் பேரெல்லாம்..." என்றார்கள்.

"அது ஜெபத்துக்குத்தான மைனி. நம்ம ஆட்களுக்கு மட்டுந்தான் போச்சு" என்றேன்.

மைனி நம்பினார்கள், அல்லது நம்ப விரும்பினார்கள். நான் பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. என் கம்பெனி கம்ப்யூட்டரிலிருந்து போன கடிதம்; வெளியே தெரிந்தால் என் வேலையும் போகும். அதைவிட, அந்த வீட்டில் எனக்கிருந்த இடம் போய்விடும். மறுநாள் காலை பேஸ்காரருக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. பட்டியல் அவர் கையிலிருந்துதான் நிர்வாகத்துக்குப் போயிருக்கிறது. அவர் கிறிஸ்தவரே இல்லை, எங்களை ஏமாற்ற வந்தவர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அந்த பேஸ் வரியைத் தெரியாதவன் எழுதியிருக்க முடியாது. ஏதோ ஒரு கோவிலில் கடைசி பெஞ்சில் நின்று, சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்தவர்தான் அவர். இன்றுவரை கோவிலில் எனக்குப் பின்னாலிருந்து கனத்த ஆண் குரல் கேட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நாளில் நடந்தது எனக்குத் தெரியும். டீக்கடையில் தக்காளிக்காரர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். சைக்கிள் டயரைக் கிழித்தார்கள். ராயக்கோட்டையில் அவருடைய அண்ணன்மார் மண்டிக்கே போய் இரண்டு பேர் சத்தம் போட்டுவிட்டு வந்தார்கள். முதல் ஞாயிறு அவர் வழக்கம்போலத் தக்காளி கொண்டுவந்தார். அண்ணன் பையைத் தூக்கித் தெருவில் போட்டார். தக்காளி உருண்டு சாக்கடைவரை போனது. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்க, உள்ளே நாங்கள் பாடினோம். நானும் பாடினேன்.

இரண்டாவது ஞாயிறு, மற்றவர்கள் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மணிக்கே போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் சும்மா. எனக்குச் சோறே இறங்காமல் போயிருந்தது. அண்ணன் லுங்கியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மைனி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பேர் கேட்ட கடிதம், நான் அனுப்பிய பட்டியல், அதில் விட்ட ஒரு பேர், திரும்பி வந்த மெயில். மைனி கீரையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"அன்னைக்கு வாசல்ல இருபத்தொண்ணுன்னு எண்ணும்போதே தெரியும்ணே."

அண்ணன் தக்காளிக்காரரைப் பற்றித்தான் பேசினார்.

"நேத்து சாயங்காலம் இங்க வந்தான்" என்றார். "வேலைய எழுதிக் குடுத்துட்டு, அந்தத் தாளோட நகலக் கையில புடிச்சிக்கிட்டு வந்தான். 'நானும் வெளிய வந்துட்டேன், இப்பவாச்சும் நம்புங்கண்ணா'ன்னு கேட்டான். மூஞ்சியப் பாக்காம கதவச் சாத்திட்டேன்."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ராயக்கோட்டை பஸ்ஸுக்குப் போனார்.  மைனி கீரையை மறுபடி எடுத்து ஆய ஆரம்பித்தார்கள். முந்தின நாள், சனிக்கிழமை காலையில் நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஆளுக்கு வேலை இருந்திருக்கும்.