சன்னலோரத்து எலுமிச்சம்பழம்

“ஏங்கண்ணு, கோத்தகிரி மலையில நான் என்னத்தப் பாத்தேன்னு தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற? ஊட்டுல வேற சோலி இல்லியா?” கேட்பவர்களை இப்படித்தான் விரட்டுவேன். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். சரி, உட்காருங்கள்.

கல்யாணமாகித் தொண்டாமுத்தூர் வந்த நாளிலிருந்து மலையைக் கீழே நின்றே பார்த்தவள் நான். ஒருமுறை மேலேயிருந்து கீழே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மகனுக்குக் கோத்தகிரியில் வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். ஈரோட்டிலிருந்து மருமகளின் அம்மாவும் வந்து ஒட்டிக்கொண்டார். மகன் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் ஜாங்கிரி வராமல் போனதிலிருந்து எங்களுக்குள் ஆகாது. வாய் நிறைய ‘ங்க’ போட்டுத்தான் சண்டை போடுவோம்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால், சன்னலோரத்தில் சம்பந்தி. படம் பிடிக்கக் கையில் போன் தயார்.

“சித்த நவுந்துக்கறீங்களா சம்பந்தி? மலைப் பஸ்ல எனக்கு வாந்தி வருமுங்க,” என்றேன். கல்லைத் தின்றாலும் கரைக்கும் வயிறு எனக்கு.

“முன்னயே சொல்லலீங்களே.”

“வாந்தி என்ன சொல்லிப்போட்டா வருமுங்க?”

கண்டக்டர் திரும்பினார். “வாந்தி எடுக்கறவிங்களுக்குச் சன்னல உடுங்கம்மா. பஸ்ஸக் கழுவறது நானுங்க.”

சம்பந்தி எழுந்து இடம் விட்டார். முகத்தில் கோபமே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பஸ் மலை ஏறத் தொடங்கியதும், தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்கில் வைத்து அழுத்தினார். “கண்ண மூடிக்கோங்க சம்பந்தி. வெளிய பாத்தாத்தானுங்க கொமட்டும்.”

“இப்பப் பரவால்லீங்க.”

“அப்படித்தான் இருக்குமுங்க, அப்பறம் கொடகொடன்னு கொட்டும். ஏனுங்க கண்டக்டர், இவிங்க கண்ணத் தொறக்கறாங்க பாருங்க.”

“மூடிக்கோங்கம்மா,” என்று பஸ்ஸே சொன்னது. பின்சீட்டுக்காரர் ஒரு பாலிதீன் பையை நீட்டினார். கண்ணைத் திறந்தால் பொய் வெளியே வந்துவிடும். மூடினால் மலை போய்விடும். மூடினேன்.

சம்பந்தி என் மடிமேல் சாய்ந்து, என் சன்னலில் கையை விட்டுப் படம் பிடித்தார். முழங்கை என் விலாவில் இடித்தது. “பாக்குத்தோப்பெல்லாம் கொத்தமல்லிக் கட்டாட்டத் தெரியுதுங்க. ஆறு வெள்ளி அரணாக்கொடியாட்ட மின்னுது. நீங்க பாத்துறாதீங்க சம்பந்தி.”

ஒரு கண்ணை ஓரமாகத் திறந்தேன். எலுமிச்சம்பழம் தெரிந்தது.

மேலே இருந்த இரண்டு நாளும் எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாத மூடுபனி. இறங்கும்போதும் அதே எலுமிச்சம்பழம்தான். அதற்குள் வாடிப்போயிருந்தது.

ஊர் வந்து சேர்ந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “மலையெல்லாம் நல்லாப் பாத்தீங்களாக்கா?”

“பாக்காம என்னங்க அம்மணி,” என்றேன். “பாக்குத்தோப்பு கொத்தமல்லிக் கட்டாட்டங்க. ஆறு வெள்ளி அரணாக்கொடியாட்டங்க. இன்னும் நல்லாப் பாத்துருப்பேன், எங்க சம்பந்திதான் போக வர ஒரே வாந்தி. பாவம், கண்ணையே தொறக்கலீங்க. எலுமிச்சம்பழத்தப் புடிச்சுப் புடிச்சு என்ற கையே நொந்துபோச்சு.”