பெரிய சன்னமும் இறுக்கமான சோக்கும்

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் லண்டன் மனோர் பார்க்கில் நான் கூரை போட்ட வீடு ஒன்றாவது ஒழுகியதாக எவரும் சொல்லட்டும் பார்ப்போம். எசெக்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பண்ணையாருக்குக் களஞ்சியக் கூரை போட்டுக் கொடுத்தேன். அவர் மகிழ்ந்துபோய்த் தன் நிலத்தில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி சுடும் நாட்களில் எனக்கும் ஓர் இடம் தந்தார். எங்கள் ஆட்களில் வேறு யாருக்கு அது கிடைத்தது?

லைசன்ஸ் எடுத்து நல்ல துவக்காக வாங்கினேன். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டான சன்னம் பெரிதாகவும், அதைச் சிதறாமல் குவிக்கக் குழல் நுனியில் திருகும் சோக் மிக இறுக்கமாகவும் இருக்கட்டும் என்று நானே தீர்மானித்தேன். எதையும் பலமாகச் செய்து பழகிய கை. முதல் நாள் ஒன்றும் விழவில்லை. இரண்டாம் நாள் கிட்டப் பறந்த ஒன்று விழுந்தது. நெஞ்சு கந்தலாகிக் கிடந்தது. இன்னொருமுறை இப்படிச் சிதைத்தால் அடுத்த பருவம் இடமில்லை என்று பண்ணையார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் கோழியை எங்கள் முறைப்படி எலும்போடு வெட்டிக் கறி வைத்தோம். சாப்பிட வந்த சம்பந்தி எலும்பென்று சன்னத்தைக் கடித்ததில் பல் உடைந்தது.

அந்தப் பருவத்தில் இனி ஒரே ஒரு நாள்தான் மீதி. வட லண்டன் எட்மண்டனில் ஒரு பிளம்பர் இருக்கிறார். டென்மார்க்கில் பல வருஷம் இருந்து, அங்கே வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியவர். துவக்கையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணை, யானை சுடவோ போனனீங்கள்?"

"பெரிய சன்னம் எண்டால் கட்டாயம் விழும்தானே?"

"பெரிசெண்டால் தோட்டாவுக்குள்ள கொஞ்சம்தான் அடங்கும். சோக்கும் இறுக்கினால் ஒரே கட்டியாப் போகும். ஒண்டில் தவறும், இல்லாட்டி கோழி கூழாகும். வாங்கோ, காட்டுறன்."

ரெய்னர்ஸ் லேன் கடையில் வாங்கிய வெற்று அட்டைப்பெட்டிகளை விரித்து, சுடும் பயிற்சித் திடலில் நிறுத்தினார். மார்க்கரால் கோழி வரைந்தார். இருபத்தைந்து காலடி எடுத்து வைத்து என் முறையில் சுட்டார்; கோழிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டளவு பொத்தல். பிறகு சோக்கைக் கழற்றித் தளர்வானதைப் பூட்டி, சின்னச் சன்னமான ஆறாம் நம்பரைப் போட்டார். அட்டை முழுக்க வெந்தயம் தூவியது போல் ஒரே சீராகப் புள்ளிகள். நாற்பது காலடியில் அதே தோட்டா. புள்ளிகள் ஐதாகி விலகிவிட்டன.

"இதுக்கு மேல எண்டால் சுடாதேங்கோ அண்ணை. காயத்தோட போய் எங்கயாவது கிடந்து சாகும்."

அந்த அட்டைகளை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்; தளர்வான சோக்கும் ஆறாம் நம்பர் தோட்டாவும் வாங்கினேன். எனக்கு அப்படிப் பாடம் எடுத்தவர்கள் குறைவு.

கடைசி நாள். முதல் கோழி மிக உயரத்தில் போனது. விரல் துடித்தது, துவக்கைத் தாழ்த்தினேன். அடுத்தது இருபத்தைந்து காலடியில் எழும்பியது. ஒரே வெடி. பண்ணையார் அதைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்த்தார், கிழிசல் இல்லை. சுட்டதைவிட, முதலாவதைச் சுடாமல் விட்டதுதான் தனக்குப் பிடித்தது என்றார். அடுத்த பருவமும் என் இடம் எனக்குத்தான் என்று கை தந்தார். அந்தக் கையை விடாமலே, எட்மண்டன்காரருக்கும் ஓர் இடம் கேட்டேன்.