சீதன வீட்டில் ஒரு மீன்தொட்டி

கிண்ணியாவில் மீன்கார ஸெய்னுதீன் எத்தனை வீடு கட்டினார் என்று கேட்டால் மூன்று என்பார்கள். அவருக்கு எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற மனிசனுக்கு வீடாவது வாசலாவது! மூத்தவளுக்கு ஒன்று, அடுத்தவளுக்கு ஒன்று என்று சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் பெஞ்சாதி உம்மு குல்சுமோடும் சட்டிபானையோடும் வெளியே வந்தவர். இப்போது கடைக்குட்டி அப்ராவுக்கும் நாள் குறித்தாயிற்று. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை ஸப்வான் இந்த மூன்றாவது வீட்டுக்கு வந்துவிடுவான். இவர்கள் இரண்டு பேரும் பின்வளவில் தகரம் போட்ட குச்சுக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகு மருமகன் இருக்கிற ஹோலில் மாமனார் போய்க் குந்திக்கொண்டிருந்தால் ஊர் வாயால் மட்டும் சிரிக்காது.

முதல் இரண்டு தடவையும் ஸெய்னுதீன் வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. சந்தையிலும், தம்பலகாமம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டியும் நாற்பது வருஷம் பாரையும் சூரையும் விற்று, ஹோல் தரைக்குப் பதித்த மாபிள் அது. அந்த ஹோலில் ஒரு மூலை, பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம், தனக்கென்று இருந்தால் போதும். கேட்டால் மகள் கொடுக்கமாட்டாளா? கொடுப்பாள். ஆனால் கேட்பதற்கு வெட்கம். மானம் பெரிய சாமான் பாருங்கள்.

வழி திருகோணமலை டவுனில் கிடைத்தது. கல்யாணச் சாமான் வாங்கப் போன இடத்தில், நிசாந் என்ற பெடியனின் வளர்ப்புமீன் கடையில் வெயிலுக்கு ஒதுங்கினார். உள்ளே ஒரு தொட்டி நிறையப் பச்சைச் செடிகள், நடுவில் விரல்நகம் அளவில் மீன்கள்.

"வீட்டில வைக்கலாம் நானா. ஆனா ஒண்டு, வச்ச இடத்தில இருந்து அசைக்க ஏலாது. தண்ணியோட தூக்கினா கண்ணாடி வெடிச்சிடும். ஒவ்வொரு நாளும் ஆள் நிண்டு பாக்கவும் வேணும்" என்று அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னான் நிசாந்.

அசைக்க ஏலாது! ஒவ்வொரு நாளும் ஆள் வேணும்! ஸெய்னுதீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொட்டி ஹோலில் இருக்கும். தொட்டியைப் பார்க்கிறவன் ஹோலுக்கு வந்துதானே ஆகவேண்டும்? எந்த ஊர் அதைக் குறை சொல்லும்? இரண்டு அடித் தொட்டி, செடிகள், செடிக்கு மண், மேலே போடச் சின்னக் கல், லைட், எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றினார். ஏற்றும்போது நிசாந் இன்னொன்றும் சொன்னான்: "செடியை நட்டுப்போட்டு ஒரு மாசம் சும்மா விடுங்க. தண்ணி பழகட்டும். பிறகுதான் மீன்."

கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டான் என்று நினைத்தார் ஸெய்னுதீன். கண்ணைப் பார்த்தே எந்தக் கடலில் எப்போது பிடித்த மீன் என்று சொல்லும் ஆளுக்கு மீன் பாடம்! தொட்டியை ஹோல் மூலையில் வைத்துச் செடியை நட்டு, மூன்றாம் நாளே பத்து மீன் வாங்கிவந்து அதற்குள் விட்டார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் கச்சான் காற்று அனலாக வீசியது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீர் கெட்டுப்போனதுதான் விஷயம். ஆனால் நாற்பது வருஷ அனுபவம் பேசாமல் இருக்குமா? வெக்கையில் மீன் பழுதாகிறது என்றால் அதற்கு ஒரே வைத்தியம்தான் அவருக்குத் தெரியும். ஓடிப்போய் மீன்பெட்டியைத் திறந்து, இரண்டு கை நிறைய ஐஸை அள்ளிக் கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டார்.

பத்து நிமிஷத்தில் பத்தும் மல்லாந்துவிட்டன.

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மு குல்சும் தலையில் கையை வைத்தாள். "யா அல்லாஹ்! செத்த மீனுக்கெல்லோ ஐஸ் போடுற. உசிரோட இருந்ததுக்கு என்னத்துக்குப் போட்டீங்க?"

"வாயை மூடு புள்ள."

"நான் மூடுறன். சந்தை மூடாதே."

சந்தை மூடவில்லைதான். மறுநாள் மீன் வாங்க வந்தவன் ஒருவன், "நானா, இது நீங்க வளர்த்ததோ பிடிச்சதோ?" என்று கேட்டான். ஸெய்னுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு செதில் சுரண்டினார். அன்றே நிசாந்திடம் போய், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டார்.

பிறகு ஒரு மாசம். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றினார். அழுகின இலையைக் கிள்ளினார். பின்னேரம் சந்தையால் வந்து, குளித்து, அஸர் தொழுதுவிட்டு, மீனே இல்லாத தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். புதுத் துளிர் விட்டதைக் கண்டுபிடித்தால் பெஞ்சாதியைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளும் இரண்டு நாள் கேலி பண்ணிவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இரண்டு பேரும் ஹோலில் சும்மா இருந்தது அப்போதுதான். பிறகு விட்ட ஆறு மீனும் உயிரோடு இருந்தன. ஸெய்னுதீன் அவ்வளவு சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. குச்சுக்குப் போகும்போது அவர் முகம் வாடவேயில்லை. தொட்டிதான் இருக்கிறதே!

மூன்றாம் நாள் பின்னேரம் மீன் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தார். தன் வாசலில் நின்று ஒரு தடவை செருமினார். உள்ளே ஸப்வான் சேர்ட் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுச் செடி வெட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா! வாங்க, வாங்க. மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கீங்க. நான் கட்டார்ல அஞ்சு வருஷம் ரூமுக்குள்ள நாலு தொட்டி வச்சிருந்தனான். இனி நீங்க ஒண்டுக்கும் கஷ்டப்பட வேணாம். எல்லாம் நான் பாத்துக்கிறன். சாப்பாடும் அப்பவே போட்டுட்டன்."

ஸெய்னுதீன் டப்பாவைச் சாரன் மடிப்புக்குள் செருகினார். இவன் ஒரு சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் கோபமாவது படலாம். தங்கமான பிள்ளை, அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"ஏன் மாமா நிக்கிறீங்க? இருங்க" என்று ஸப்வான் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டான். "அப்ரா, வாப்பா வந்திருக்கார். தேத்தண்ணி ஊத்துங்க."

விருந்தாளி வந்தால் மட்டும் அலுமாரியில் இருந்து எடுக்கிற பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தது. ஸெய்னுதீன் கதிரை விளிம்பில் இருந்து குடித்தார். மாப்பிள்ளையின் வேலை எப்படி, வெயில் எப்படி என்று இரண்டு கதை கேட்டார். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"அப்ப நான் போய்ட்டு வாறன் மகன்" என்றார்.

குச்சுக்கு இருபது அடிதான் தூரம்.