கிழக்குப் பார்த்த கதவு

நான் இந்த நாட்டில் பார்த்த ஏமாற்று வேலைகளில் மிக அழகாகப் பெயின்ட் அடிக்கப்பட்டது, சட்டன் நகர நடுவில் நிற்கும் அந்தப் பழைய வீட்டு வரிசைதான். மூன்று பக்கமும் கண்ணாடி மாடிக் குடியிருப்புகள், நடுவில் சில செங்கல் வீடுகள். முன்னால் ஒரு பலகை, இவை பாதுகாக்கப்பட்ட மரபுச் சொத்து என்று. பாதுகாத்த விதத்தை நான் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். முன்சுவருக்கு இரும்பால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பின்னால் இருந்த அறை, படி, கூரை, அடுப்படி எல்லாவற்றையும் இடித்து லொறியில் ஏற்றினார்கள். கொஞ்சக் காலம் அந்த ஜன்னல்களுக்குள்ளால் வானம் தெரிந்தது. பிறகு சுவருக்குப் பின்னால் புதுக் கொங்கிரீட் பெட்டிகளைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். புதுத் தளம் பழைய ஜன்னலின் பாதியில் வந்து முட்டுகிறது. மேல்வீட்டுக்காரர் தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் நிலத்தில் குந்த வேண்டும். இதற்குப் பெயர் மரபாம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றை என் அண்ணை வாங்கினார்.

அண்ணைக்கு அந்த வரிசை புதிதல்ல. அகதியாக வந்த காலத்தில் அதே வரிசையின் கடைசி வீட்டு மேல்மாடியில் வேறு பெடியன்களோடு சேர்ந்து அறை எடுத்து இருந்தவர். கீழே ஒரு சட்டத்தரணியின் அலுவலகம். முன்கதவு சட்டத்தரணிக்கும் அவரிடம் வருகிற பெரிய மனிதர்களுக்கும் உரியது. மேலே இருக்கிறவர்கள் குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப்போய், பின்னால் இருந்த இரும்புப் படியால் ஏற வேண்டும். நான் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று நல்ல மழை. பெட்டியும் நானும் நனைவது பொறுக்காமல் அண்ணை துணிந்து முன்கதவின் பித்தளை வளையத்தால் தட்டினார். அலுவலக ஆள் ஒருவர் கதவைக் கொஞ்சமாய்த் திறந்து, எங்களைப் பாராமல் பெட்டியைப் பார்த்து, பின்னால் வரும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சாத்தினார்.

"ஒரு நாளைக்கு இந்தக் கதவால போவன், பிள்ளை," என்றார் அண்ணை இரும்புப் படியில் ஏறும்போது. கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். மனிதர் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இத்தனை காலமும் பெற்றோல் நிலையத்திலும் பிறகு சொந்தக் கடையிலும் மாடாய் உழைத்திருக்கிறார்.

ஆகவே அந்தக் கடைசி வீடு விற்பனைக்கு வருகிறது என்றதும் அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. விற்பனை அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெண்பிள்ளை குமிழித் தண்ணீர் தந்து, எதைக் கேட்டாலும் "ஒரிஜினல்" என்றாள். செங்கல் ஒரிஜினல், கதவு ஒரிஜினல், கதவில் தொங்கும் பித்தளைத் தட்டுவளையம் ஒரிஜினல். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு வெளியே வந்து, மறைப்புப் பலகைக்கு முன்னால் நின்று, போனில் திசைகாட்டியைத் திறந்து பிடித்தார்.

"நேர் கிழக்கு, பிள்ளை. சூரியன் நேரா வாசல்ல விழும்."

வீட்டு வரைபடத்தையும் அவரும் அவர் மனைவி, என் மச்சாளும், மேசையில் விரித்து, அக்கினி மூலை எது, ஈசான மூலை எது, சாமித்தட்டு எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மூலைகளைத் தேடிய அவசரத்தில் வாசலை யாரும் தேடவில்லை. கதவு எந்தத் திசை பார்க்கிறது என்று எங்கள் ஆட்கள் ஆயிரம் தரம் கேட்பார்கள். அது திறக்குமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாது.

வீடு கட்டி முடிந்ததும் வந்து பிழை திருத்தம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அண்ணை போகவில்லை. பால் காய்ச்சிப் புதுவீடு புகும் குடிபூரலுக்கு முதல் காலடி வைக்கக் கூடாதாம். கட்டினவன் விட்ட ஓட்டைகளை நல்ல நேரம் வந்து அடைத்துவிடும் என்ற நினைப்பு. திறப்பு என்று, பூட்டில் காட்டினால் திறக்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூவும் வைத்தார்.

குடிபூரல் அன்று காலை நடைபாதையில் நாங்கள் நின்ற கோலத்தைக் கண்டு பஸ்ஸில் போனவர்களும் எட்டிப் பார்த்தார்கள். டூட்டிங் தமிழ்க் கடையிலிருந்து வாங்கிவந்த மாவிலை, வாழையிலையில் நெல் பரப்பி நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஐயர் குளிரில் மேல்கோட்டுக்கு மேல் சால்வை போட்டிருந்தார். மச்சாளின் சிநேகிதிகள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். கதவு கரும்பச்சை நிறத்தில் மினுங்கியது. அண்ணை வில்லையை எடுத்துக்கொண்டு படியேறினார். அதை வைத்துத் தொட ஓரிடமும் இல்லை. திறப்புத் துவாரமும் இல்லை. பித்தளை வளையத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தபால் பிளவில் வைத்துப் பார்த்தார், பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"நேரம் போகுது," என்றார் ஐயர்.

கண்ணாடிக் கட்டிடத்திலிருந்து காவலாளி ஓடி வந்தான். மிகவும் மரியாதையாக, அது கதவல்ல, முகப்பின் ஒரு பகுதி என்று விளக்கினான். உள்ளே சுவர் கட்டி மூடியாகிவிட்டதாம். ஆனால் வெளியே பாதுகாக்கப்பட்டது, கீறல் விழக் கூடாது, விளக்கைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டான். அப்படியென்றால் வாசல் எங்கே என்று கேட்டேன். அவன் கையைப் பின்பக்கம் காட்டினான்.

நான் அந்தக் கணத்தில் எல்லாரையும் வெறுத்தேன். ஒரிஜினல் என்று சொன்னவளை, வீட்டின் முகத்தை வைத்துக்கொண்டு உடம்பை இடித்தவர்களை, திசைகாட்டியோடு நின்ற அண்ணையை, இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்த பெண்களை.

நல்ல நேரம் முடியப் போகிறது என்பதால் நிறைகுடத்தையும் தூக்கிக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி ஓடினோம். குப்பைத் தொட்டி அறையைத் தாண்டினால், முன்பு இரும்புப் படி நின்ற அதே மூலையில் ஒரு சாம்பல் கதவு. வில்லையைக் காட்டியதும் பீப் என்று திறந்தது. அண்ணை வலது காலை வைத்து உள்ளே போனார். மச்சாள் பால் காய்ச்சினாள், எல்லாரும் குடித்தோம். நான் கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பச்சைக் கதவுக்கு நேர் பின்னால் இருந்தது கழிப்பறை.

"சொல்லிப்போடாதை பிள்ளை, ஐயருக்கு," என்றார் அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்று. நான் கழிப்பறைக் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. பேசவில்லையே என்று எனக்கே கவலையாகிவிட்டது. போன மாதம் மச்சாளுக்குக் கறி கொண்டுபோனபோது, என்ன குறும்போ தெரியவில்லை, முன்படியில் ஏறி அந்தப் பித்தளை வளையத்தால் நன்றாக மூன்று தரம் தட்டினேன். பழைய சத்தம் அப்படியே இருந்தது. அது மட்டும் உண்மையிலேயே ஒரிஜினல்.

கதவுக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னல் கொஞ்சமாய்த் திறந்தது. முகம் தெரியவில்லை, அண்ணையின் குரல் மட்டும் வந்தது.

"ஆரெண்டாலும் பின்னால வாங்கோ!"

ஜன்னல் சாத்தப்பட்டது. நான் கறிச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி நடந்தேன்.