தேசிக்காய் ஏறிய வண்டி

எங்கள் விறாந்தையில் சைக்கிள் எப்போதும் ஸ்ராண்டில்தான் நிற்கும். சண்டை தொடங்கியதிலிருந்து ஊரில் கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. பெடலை மிதித்தால் பின்சில்லோடு டைனமோ சுழலும்; அந்தக் கரண்டில் கசற் றெக்கோடர் பாடும். மிதிப்பவள் நான். பாட்டு இழுபட்டால் ஏச்சும் எனக்குத்தான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த அக்கா, உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவுதான் படிப்பேன் என்று நின்றாள். எந்திரம் என்றால் அவளுக்கு உயிர். அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

"கரண்டே இல்லாத ஊரிலை மிசின் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறாய்?"

"தானா ஓடுற வண்டி ஒண்டு செய்து காட்டினால் விடுவியளோ?"

"விறாந்தையின்ரை இந்தத் தலைப்பிலை இருந்து அந்தத் தலைப்புக்கு ஓடட்டும். பிறகு கதைப்பம்."

பாடிக் களைத்த றெக்கோடரிலிருந்தே அக்கா மோட்டரைக் கழற்றினாள். செருப்படியை வட்டமாக வெட்டிப் பின்சில்லுகள் செய்தாள். முன்னால், எந்தப் பக்கமும் திரும்பும் கதிரைக்கால் சில்லு ஒன்று. மோட்டரிலிருந்து பின் அச்சில் பூட்டிய நூற்கட்டைக்கு ஒரு றப்பர் வளையம். டைனமோவிலிருந்து மோட்டருக்கு நீள வயர். தானாக ஓடும் வண்டிக்கும் மிதிப்பவள் நான்தான். மிதித்தேன். வண்டி பாய்ந்தது.

அப்பாவுக்குக் காட்டும் நாளில் அம்மா எங்கள் தேசி மரத்தில் பிடுங்கிய இரண்டு எலுமிச்சங்காயோடு வந்தார்.

"புது வாகனம். தேசிக்காய் வைக்காமல் எடுக்கிறதே?"

மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலடியில் புது லொறிகள் தேசிக்காயை நசித்துவிட்டுத்தான் புறப்படும். அம்மாவின் கண்ணில் அக்காவின் வண்டியும் அந்த இனம்தான். முட்டை அளவுப் பச்சைக் காய்களைப் பின்சில்லுகளுக்கு முன்னால் சந்தனத்தில் ஒட்டிவைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். மோட்டர் கத்தியது, றப்பர் வழுக்கியது, வண்டி அசையவில்லை. அப்பா சிரித்துவிட்டார். அம்மாவோ காயை எடுக்கச் சம்மதிக்கவில்லை. எனக்கு அம்மாவில் பொல்லாத கோபம்.

அக்கா அழப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகம் கூடிப் போச்சு, பலம் காணாது. நாளைக்கு ஒருக்கால் பாருங்கோ, அப்பா."

நூற்கட்டையைக் கழற்றிவிட்டு, ஜாம் போத்தல் மூடிகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டிப் பூட்டினாள். இப்போது மோட்டர் பல சுற்றுச் சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். வண்டி ஆமையாய் ஊர்ந்தது. இவ்வளவு மிதிக்கும் இதுதானா என்று எனக்கு ஒரே ஏமாற்றம்.

மறுநாள் அம்மா தேசி மரத்தடியில் நெடுநேரம் குனிந்து நின்றுவிட்டு வந்தார். கையில், விளையாடும் போளைக் குண்டை விடச் சற்றே பெரிய, பழுத்து மெத்தென்றாகிவிட்ட இரண்டு. ஆஞ்சநேயருக்குக்கூடக் கஞ்சத்தனமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். வண்டி காயில் முட்டி நின்றது. உறுமியது. பிறகு மெல்ல ஏறி, நசித்து, இறங்கி, தேசிப்புளி மணக்க மணக்க மற்றத் தலைப்புச் சுவரில் போய் இடித்தது.

அப்பா "சரி, படி" என்றார்.

என் கால் பலத்தில்தான் வண்டி ஏறியது என்று பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். அக்கா இன்றைக்கும் எந்திரங்களோடுதான் இருக்கிறாள். மரம் நிறைய முட்டை முட்டையாய்க் காய்கள் தொங்கியபோது, அம்மா ஏன் குனிந்து நிலத்தில் தேடினார் என்று மட்டும் அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.